கப்பல் கசடை எடுக்க வரும் லாரி: வடசென்னைச் சேவை எப்படி?

சேவை: கப்பல் இன்ஜின் அறையில் சேரும் கசடெண்ணெய், பில்ஜ் தண்ணீர் (அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த நீர்), குப்பை ஆகியவற்றைக் கரைக்கு எடுத்துப்போவது. யார்டு திருவொற்றியூர்ப் பக்கம். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களுக்கும் வண்டி வருகிறது. எங்கள் மதிப்பெண்: கசடெண்ணெய்க்கு 5-க்கு 4, பில்ஜ் தண்ணீருக்கு 2, குப்பைக்கு 3. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்தத் தொழிலில் வண்டியும் ஆளும் மாறிக்கொண்டே இருப்பார்கள். சரிபார்க்க வேண்டியவை மாறாது, அவற்றைத்தான் விரிவாக எழுதியிருக்கிறோம்.

எதை வைத்து மார்க் போட்டோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இதை வெறும் கழிவு வாரும் வேலையாக நினைப்பவர்கள் ரேட்டை மட்டும்தான் கேட்பார்கள். கடல் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்தால்தான் இந்த வேலையின் மதிப்பு புரியும். எண்ணூர்க் கரையில் நின்று பார்த்தால் தெரிகிற கடல் நம்முடையதுதான். 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை எல்லைக்கடல். ஆனாலும் அந்த வழியாகப் போகிற வெளிநாட்டுக் கப்பலுக்குத் தீங்கற்ற கடப்புரிமை உண்டு. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அதைத் தருகிறது, இந்தியாவும் 1995-இல் அதை ஏற்றிருக்கிறது. கசடுத் தொட்டி நிரம்பியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கப்பலை வழிமறிக்க முடியாது. கப்பலை எப்படிக் கட்ட வேண்டும், என்ன கருவி வைக்க வேண்டும் என்று நாமாகத் தனி விதி போடவும் முடியாது, உலக நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட விதிகளைத்தான் கேட்கலாம். விதியை மீறியதற்குத் தெளிவான காரணம் தெரிந்தால் எல்லைக்கடலில் ஏறிச் சோதிக்கலாம். அதற்கு அப்பால், 200 கடல் மைல் வரை உள்ள பொருளாதார மண்டலத்தில், முதல் கட்டமாகக் கேட்கக் கூடியது விவரம் மட்டுமே: கப்பல் எது, எங்கே பதிவானது, எங்கிருந்து எங்கே போகிறது. பெரிய கசிவால் கடல் கெட்டிருந்தால் அல்லது கெடும் நிலை இருந்தால்தான் சோதனை. பெருஞ்சேதத்துக்கோ அதன் ஆபத்துக்கோ தெளிந்த சான்று இருந்தால்தான் கப்பலைப் பிடித்து வைப்பது.

அப்படியானால் கரைக்கு என்ன பிடி இருக்கிறது? கப்பல் தானாகத் துறைமுகத்துக்குள் வந்து கட்டி நிற்கிற அந்த ஒன்றிரண்டு நாள்தான். அப்போது கொடி எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அரசின் கப்பல் சோதனையாளரான சர்வேயர், கப்பல் தன் எண்ணெயையும் கசடையும் என்ன செய்தது என்று எழுதிவைக்கும் எண்ணெய்ப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டலாம், தொட்டியை அளக்கலாம். ஆனால் கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்ப்போல் உடன்படிக்கை கரையின் தலையிலும் ஒரு கடமையை வைத்திருக்கிறது. கசடைக் கடலில் விடாதே என்று சொல்கிற நாடு, அதை வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்ய வேண்டும், அதனால் கப்பலுக்குத் தேவையில்லாத தாமதம் ஆகக் கூடாது. முதல் இணைப்பில் 38-ஆம் விதி இது. ஆகவே எங்கள் அளவுகோல் மூன்று. வண்டி சொன்ன நேரத்துக்கு வருகிறதா? கப்பல் கொடுப்பதை எல்லாம் எடுக்கிறதா? எடுத்த அளவுக்கு நேர்மையாகச் சீட்டுத் தருகிறதா? இதில் ஒன்று தவறினாலும் கப்பலை மட்டும் குற்றம் சொல்லக் கரைக்கு வாய் இல்லை.

முன்பதிவு

24 மணி நேரம் முன்னால் சொன்னால் போதும் என்கிறார்கள். 48 மணி நேரம் கொடுங்கள். நேரத்தை இழுப்பது லாரி அல்ல, காகிதம். கப்பலின் கழிவு முன்னறிவிப்புப் படிவம், சுங்கத்துறை அனுமதி, துறைமுக அனுமதி, டிரைவருக்கும் பம்ப் ஆட்களுக்கும் கேட் பாஸ், வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று), புகைபோக்கிக்குப் பொறித்தடுப்பான். இவற்றில் ஒன்று தேதி முடிந்திருந்தாலும் வண்டி கேட்டிலேயே நின்றுவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டினால் என்ன ஆகும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலை வெளியே நடத்திச் செல்லும் பைலட் ஏறும் நேரத்துக்கு 6 மணி நேரம் இருக்கும்போது வண்டியை வரச் சொல்வது சூதாட்டம். இவர்களுடைய நல்ல பழக்கம் ஒன்று: வண்டி யார்டை விட்டுக் கிளம்பும்போதும் கேட்டைத் தாண்டும்போதும் கப்பலின் ஏஜென்ட்டுக்குப் போன் வருகிறது. கேட்காமலே வருகிறது.

அளவைச் சரியாகச் சொல்வது கப்பலின் பொறுப்பு. கனரக எண்ணெய் எரிக்கும் கப்பலில் எரிபொருளில் 1.5 சதவீதம் கசடாகும் என்று வைத்துத்தான் கசடுத் தொட்டியின் கொள்ளளவையே கணக்கிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 30 டன் எரித்தால் 0.45 கனமீட்டர், 20 நாள் ஓட்டத்தில் 9 கனமீட்டர். கடைசியாக இறக்கியதிலிருந்து எத்தனை நாள் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். கணக்கு 9 காட்டும்போது கப்பல் 22 என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது, பெரிய வண்டி வேண்டும். 2 என்றால் மீதி எங்கே போனது என்று சர்வேயர் கேட்பார். கப்பலிலேயே எரித்திருந்தால் அதற்கும் புத்தகத்தில் பதிவு இருக்க வேண்டும். இவர்களிடம் 10 கிலோலிட்டர், 20 கிலோலிட்டர் என இரண்டு அளவில் வண்டி உண்டு. 12 கனமீட்டருக்குச் சின்ன வண்டியை இரண்டு நடை அடிக்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது நடைதான் எப்போதும் கேட்டில் மாட்டும்.

ஃபிளாஞ்ச்

மற்ற எல்லாவற்றையும் விட, குழாயையும் ஹோஸையும் போல்ட் போட்டு இணைக்கும் இந்த வட்டத் தகட்டில்தான் அதிக நேரம் வீணாகிறது. உலகம் முழுக்க ஒரே அளவு என்று விதி வைத்திருந்தும் வீணாகிறது என்பதுதான் வருத்தம். கப்பல் மேல்தளத்தில் இருக்கும் கசடு இறக்கும் ஃபிளாஞ்ச்: வெளிவிட்டம் 215 மி.மீ., போல்ட் வட்டம் (போல்ட் துளைகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம்) 183 மி.மீ., 22 மி.மீ. துளை 6, கனம் 20 மி.மீ. துளைகள் விளிம்பு வரை வெட்டித் திறந்திருக்கும், அதனால் போல்ட்டைப் பக்கவாட்டில் நுழைத்து முறுக்கலாம். 20 மி.மீ. போல்ட் 6, எண்ணெய்க்குத் தாங்கும் கேஸ்கட் ஒன்று. 600 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 6 பார் அழுத்தத்துக்குத் தாங்க வேண்டும்.

லாரிக்காரர்கள் கொண்டுவரும் ஹோஸ் முனையில் பெரும்பாலும் ஊர்ச் சந்தையில் கிடைக்கிற 4 அங்குல, 150 கிளாஸ் ஃபிளாஞ்ச் இருக்கும். அதற்கு போல்ட் வட்டம் 190.5 மி.மீ., துளை 8. ஜப்பானியத் தர அளவான 10-கே 100 என்றால் வட்டம் 175 மி.மீ., துளை 8. இரண்டும் 183-க்குப் பொருந்தாது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துகிற மாதிரியே தெரியும், அதுதான் ஆபத்து. இரண்டு போல்ட்டை மட்டும் சாய்வாக நுழைத்து, ‘சார், லோ பிரஷர்தான், தாங்கும்’ என்பார்கள். தாங்காது. பம்ப் ஓடத் தொடங்கியதும் தாங்குவது போல இருந்து, கரையில் வால்வை யாராவது மூடிய நொடியில் அழுத்தம் ஏறி கேஸ்கட் பிதுங்கும். கப்பல் தளத்திலிருந்து துறைமுகத் தண்ணீருக்கு ஒரு சாண் தூரம்தான்.

இந்தச் சேவையை 4 மார்க்குக்குத் தூக்கியது இந்த இடம்தான். 215 மி.மீ. ஃபிளாஞ்ச் பற்றவைத்த ஸ்பூல் எனும் குட்டைக் குழாய்த் துண்டு ஒன்றும், கழிவுநீர்க் குழாய்க்கு உரிய 210 மி.மீ. துண்டு ஒன்றும் வண்டியிலேயே இருக்கின்றன. கழிவுநீருக்கு போல்ட் வட்டம் 170 மி.மீ., 18 மி.மீ. துளை 4, போல்ட் 16 மி.மீ., ஆகவே இரண்டும் மாறிப்போக வழியில்லை. கேஸ்கட் புதியது. 6 போல்ட்டும் போடுகிறார்கள், எதிரெதிராக முறுக்குகிறார்கள். குறை: ஹோஸைத் தாங்கக் கயிறு கட்டுவதில்லை. சுமை இறக்கிய கப்பல் உயரமாக நிற்கும். எண்ணெய் நிறைந்த ஹோஸின் முழு எடையும் ஃபிளாஞ்ச் கழுத்தில் தொங்கும். கப்பலின் கைப்பிடிக் கம்பியில் மடங்கினால் ஓட்டம் பாதியாகும். ஒரு பெல்ட் ஸ்லிங் போட்டுத் தூக்கிக் கட்ட 5 நிமிடம் போதும், அதைக் கப்பல் ஆட்கள்தான் கேட்டுச் செய்ய வைக்க வேண்டியிருக்கிறது.

பம்ப் ஓடும்போது

வண்டியில் வேக்குவம் பம்ப் இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்திருக்க வேண்டும். கசடுத் தொட்டி கப்பலின் அடித்தளத்தில் இருக்கிறது, ஃபிளாஞ்ச் மேல்தளத்தில். உறிஞ்சித் தூக்கும் உயரத்துக்கு இயற்கை வைத்த வரம்பு தண்ணீருக்கே 10 மீட்டர்தான். ஆகவே கசடை மேலே தள்ள வேண்டியது கப்பலின் சொந்தக் கசடு பம்ப். அது பழுதென்றால் லாரியால் ஒன்றும் ஆகாது, காற்றில் ஓடும் டயஃப்ரம் பம்ப்பை உள்ளே இறக்க வேண்டும். பதிவு செய்யும்போதே பம்ப்பின் நிலையைச் சொல்லிவிடுங்கள்.

கசடு ஆறினால் பாகு போல் இறுகும். 2017 ஜனவரி 28 விடியற்காலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற இரு கப்பல்கள் மோதியபோது எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். பம்ப்புகள் அந்தக் குழம்பை இழுக்க முடியாமல் திணறின, வாளியால் அள்ளித்தான் கரையேற்றினார்கள். காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் வலை கெட்டு, மீன் விலை விழுந்து, அந்தச் சுமை யார் தலையில் ஏறியது என்பதை ஊர் மறக்கவில்லை. அதே குணம்தான் ஹோஸுக்குள்ளும் விளையாடும். வண்டி வருவதற்கு முந்தின நாளே தொட்டியின் ஸ்டீம் சுருளைத் திறந்து 50, 60 பாகை வரை சூடேற்றி வையுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள், தீப்பிடிக்கும் ஆவி எழும்பும். அடியில் தேங்கிய தண்ணீரை முதலில் வேறு தொட்டிக்கு வடித்துவிட்டால் வண்டியில் இடமும் மிச்சம், பின்னால் தகராறும் மிச்சம். சூடு சரியாக இருந்தால் 9 கனமீட்டர் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். ஆறிய கசடென்றால் ஆறு மணி நேரமும் போகும்.

தளத்தில் தண்ணீர் வடியும் துளைகள் அனைத்தையும் அடைக்க வேண்டும். ஃபிளாஞ்சுக்குக் கீழே தட்டு, கையெட்டும் தூரத்தில் மரத்தூளும் உறிஞ்சு துணியும் வேண்டும். நிறுத்தச் சொல்லும் சைகையை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாக்கி-டாக்கி ஒன்று லாரி ஆளிடம் கொடுங்கள், வண்டியின் மூடியருகே ஒருவர் கடைசி வரை நிற்க வேண்டும். வண்டிக்கு எர்த் கம்பி மாட்டுகிறார்கள். ஆனால் மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்ப்பவரிடம் வாயு மீட்டர் இல்லை. கசட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும், அதிகமானால் மூக்குக்கு மணம் தெரியாமலே ஆளைச் சாய்க்கும். இதற்காகவே ஒரு மார்க் குறைத்தோம். அந்த மீட்டர் வாங்குவது இவர்களுக்குப் பெரிய செலவு அல்ல.

அளவும் சீட்டும்

கப்பல் கனமீட்டரில் பேசும், எடைமேடை டன்னில் பேசும், லாரியின் அளவுகோல் லிட்டரில் பேசும். மூன்றும் ஒத்துவராது என்று தெரிந்தே தொடங்குங்கள். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் தொட்டியின் மட்டத்தை நாடா விட்டு அளக்க (சவுண்டிங்) வேண்டும், கப்பலின் சாய்வுக்குத் திருத்தம் போட வேண்டும், லாரிக்காரரும் உடன் நின்று பார்க்க வேண்டும். வண்டியில் நுரை அடங்க அரை மணி நேரம் விட்டு அளவுகோலை விடுங்கள். அடர்த்தி 0.95 என்றால் 10 டன் என்பது 10.5 கனமீட்டர். இந்தக் கணக்கைப் போடாமல், ‘அரை கனமீட்டர் காணோம்’ என்று சண்டை பிடிப்பதை எல்லாத் துறைமுகங்களிலும் காணலாம். 100-க்கு 5 வரை வித்தியாசத்தை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். அதற்கு மேல் என்றால் இரு தரப்பும் அளவைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்திடுவதுதான் முறை.

சீட்டில் எழுதிய எண்ணும் எண்ணெய்ப் பதிவுப் புத்தகத்தில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். கசடுக்குக் குறியீடு சி, பத்தி 12.1: எந்தத் தொட்டியிலிருந்து, எவ்வளவு, மீதி எவ்வளவு, எந்தத் துறைமுகம். பில்ஜ் தண்ணீருக்கு டி, 15.2. புத்தகத்தை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். அடுத்த துறைமுகத்தில் சோதிப்பவர் கையில் எடுப்பது இந்த இரண்டு காகிதத்தைத்தான். இங்கே லாரிக்காரர் அவசரத்தில் எழுதிய ஒரு தவறான எண், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் சீஃப் இன்ஜினியருக்கு வழக்காக முடியலாம். இவர்கள் சீட்டைக் கப்பலிலேயே, முத்திரையோடு, கப்பல் கிளம்பும் முன் தருகிறார்கள். ‘ஆபீஸ்ல போட்டு மெயில் பண்ணிடறோம் சார்’ என்று சொல்வதில்லை. மனதாரப் பாராட்டுகிறோம்.

பில்ஜ் தண்ணீரில்தான் சறுக்கல்

கசடில் எண்ணெய் இருக்கிறது, மறுசுத்திகரிப்பு ஆலையில் அதற்கு விலை உண்டு. பில்ஜ் தண்ணீரில் விலை இல்லை, சுத்திகரிக்கும் செலவுதான் உண்டு. ஆகவே கசடென்றால் ஓடி வருகிறவர்கள் பில்ஜ் தண்ணீர் என்றதும் ‘வண்டி காலி இல்லை’ என்கிறார்கள். 15 பி.பி.எம். பிரிப்பான் (தண்ணீரில் எண்ணெயைப் பத்து லட்சத்தில் 15 பங்குக்குள் குறைக்கும் கருவி) வழியாகக் கடலில் விடக் கப்பலுக்கு அனுமதி இருக்கிறதே என்று ஒரு வாதம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது, பிரிப்பான் சரியாக இருந்தால், அனுமதி உண்டுதான். ஆனால் இன்ஜின் அறையைச் சோப்புத் திரவம் ஊற்றிக் கழுவியிருந்தால் எண்ணெய் தண்ணீரோடு பாலாகக் கலந்துவிடும், எந்தப் பிரிப்பானும் அதைப் பிரிக்காது, அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் கரைக்குத்தான் வர வேண்டும். அதைக் கரை மறுத்தால், நிரம்பிய தொட்டியோடு கப்பல் வெளியே போகும். இல்லையென்றால், தொட்டியில் அடுத்த பயணத்துக்கு இடமில்லை என்று சர்வேயர் கப்பலை நிறுத்திவைக்கலாம். அதாவது கப்பலின் போக்குவரத்து உரிமையும் கெட்டது, கடலுக்கும் ஆபத்து. இரண்டு பக்கமும் தோற்கிற இடம் இது.

மறுக்கப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். ‘ஏற்பாடு போதவில்லை’ என்று மாஸ்டர் (கப்பல் தலைவர்), கப்பல் பதிவான கொடி நாட்டுக்கு எழுத சர்வதேச கடல்சார் அமைப்பின் படிவம் இருக்கிறது. எத்தனை மணிக்குக் கேட்டோம், யார் என்ன சொன்னார் என்பதை அதில் நிரப்பி, நகலை ஏஜென்ட்டுக்கும் துறைமுகத்துக்கும் கொடுங்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் அடுத்த ஊரில் கேள்வி வரும்போது கப்பலுக்குப் பாதுகாப்பு.

குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக், உணவு, எண்ணெய்த் துணி எனப் பிரித்துக் கொடுத்தால் பிரித்தே எடுக்கிறார்கள். மின்னணுக் கழிவைத் தனியாகப் பதியத் தெரியவில்லை.

பில்

ரேட் அடிக்கடி மாறுவதால் தொகையை எழுதவில்லை. பில் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறோம். கடந்து போகிற கப்பலிடம் கடந்ததற்காக மட்டும் காசு வாங்கக் கூடாது, செய்த குறிப்பிட்ட சேவைக்கு மட்டும், எந்தக் கொடிக்கும் ஒரே மாதிரி வாங்கலாம் என்பது கடல் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. துறைமுகத்துக்குள் வந்த கப்பலுக்கும் அதே நியாயம்தான் பொருந்தும். இவர்கள் பில்லில் வண்டி வாடகை, ஆள் கூலி, காத்திருப்பு நேரம், பில்ஜ் தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாம் தனி வரி. கசடுக்கான விலை கழித்துக் காட்டப்படுகிறது. ‘இதர செலவு’ என்று ஒரு வரி இருக்கிறது, அதை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். காத்திருப்புக் கட்டணம் யார் தாமதத்துக்கு என்பதை முன்னாலேயே எழுதி வாங்குங்கள். கேட்டில் நின்றால் அவர்கள் கணக்கு, கசடு சூடாகவில்லை என்றால் கப்பல் கணக்கு.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது, ஊர்க்காரர்களுக்கு இதுவே முக்கியம். வண்டி துறைமுகக் கேட்டைத் தாண்டியதோடு கசடு ஒழிந்துவிடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்த எண்ணெய், கப்பலிலிருந்து வந்ததல்ல, தரையிலிருந்து வந்தது. கடலில் விடாதே என்று கப்பலைத் தடுத்துக் கரைக்கு எடுத்துவந்த கசடு, ஏதோ ஒரு சந்தில் கால்வாய்க்குள் போனால் மீனவருக்கு என்ன வித்தியாசம்? இதற்காகத்தான் 2016 அபாயக் கழிவு விதிகளில் படிவம் 10 என்ற மேனிஃபெஸ்ட், அதாவது கழிவோடு கூடவே போகும் சீட்டு, இருக்கிறது, நிறத்துக்கு ஒன்றாக 7 நகல். வெள்ளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, மஞ்சள் அனுப்புபவரிடமே தங்கும், இளஞ்சிவப்பு பெறும் ஆலைக்கு, ஆரஞ்சு வண்டிக்காரருக்கு. நீல நிற நகல், கசடை ஆலை பெற்ற பிறகு அனுப்பியவருக்குத் திரும்ப வர வேண்டும். மஞ்சள் நகலை உடனே கொடுக்கும் இவர்கள் நீல நகலைக் கேட்ட பிறகுதான் அனுப்புகிறார்கள். எனவே பதிவு செய்யும்போதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: ஆலையின் கையெழுத்தோடு நீல நகல் வந்த பிறகே கடைசித் தவணை.